வெற்றிலை வாய்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

கொழுந்துமலைப் பேரன்:
அம்மாயிக்கு மலை ஏறும்போது ஒரு வாய், பத்து மணித் தேத்தண்ணிக்கு ஒரு வாய், பசித்தால் ஒரு வாய். போயிலை சேராவிட்டால் பிடிக்காது. கன்னத்தில் அடக்கிக்கொண்டே தேயிலைக் கொழுந்து எடுப்பார், கிலோ குறையாது. போன தைப்பொங்கலுக்கு ஆசையாகப் பொங்கல் ஊட்டப் போனேன். கரண்டி பல்லில் இடித்து நின்றது. "வாயத் தொறங்க அம்மாயி" என்றேன். "தொறந்துதான்டா இருக்கேன்."

அப்புறம் பல் டாக்டர் மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றரைதான் போனது. காரம் எரிகிறது என்று இரண்டு வருடமாகச் சொன்னார். நாங்கள் கறியில் மிளகாயைக் குறைத்தோம், அவ்வளவுதான்.

ஹட்டன்காரன்:
போயிலையை விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் அப்பாயி வெறும் வெற்றிலை பாக்குதான், எண்பது வயது. படிக்காத சனம், சொன்னால் கேட்காது.

பண்டாரவளை மிஸ்:
ஹட்டன் அண்ணன், அது தப்பு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே சொல்லிவிட்டது. வாய் இறுகுவதும் பாக்கால்தான். போயிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். நம் இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவதே வாய்ப் புற்றுநோய்தான். படிக்காத சனம் என்கிறீர்களே, சிகரெட் பெட்டியில் 2015இலிருந்து 80 வீதத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கிறது. சந்திக் கடையில் கட்டி விற்கும் வெற்றிலைக் கூறில் என்ன படம் இருக்கிறது?

என் அம்மாவுக்குக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நடு இரவில் பஸ், துணைக்கு நான், இரண்டு பேருக்கும் அன்றைய சம்பளம் போச்சு. மூன்றாவது கிளினிக்குக்கு அம்மா வரவில்லை.

பேரன் தம்பி, வீட்டில் எல்லோர் வாயையும் போன் வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கடி, கன்னத்தின் உட்பக்கம், கீழுதட்டின் உள்ளே. வெள்ளை, சிவப்புத் திட்டு இருந்தாலோ, புண் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாவிட்டாலோ காட்டுங்கள். வெற்றிலையை அடக்கிக்கொண்டு தூங்க விடாதீர்கள். விட நினைப்பவர்கள் 1948க்கு அழைக்கலாம். பசிக்குத்தான் போடுகிறார் என்றால் பையில் ரொட்டியும் வையுங்கள்.

கொழுந்துமலைப் பேரன்:
ரொட்டி வைத்தேன் மிஸ். வாய் திறந்தால்தானே கடிக்க? நேற்று சுருக்குப்பையில் மறுபடியும் போயிலைத் துண்டு கிடந்தது. கேட்டால், "அது அட்டை கடிக்காம இருக்கடா, கால்ல தேய்க்க" என்கிறார்.