உத்தம மனஸ்தாபத்துக்கு இன்று என்ன சொல்?

சொல் தேடும் இந்த அவைக்கு வணக்கம். ஒப்புரவு அருளடையாளம் (பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் கத்தோலிக்கச் சடங்கு) பற்றிய மறைக்கல்விப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடவுள்மேல் கொண்ட அன்பினால் பாவத்தை வெறுத்து வருந்துவது ஒன்று, பாவத்தின் இழிவை எண்ணியோ நரகத்துக்கு அஞ்சியோ வருந்துவது மற்றொன்று என 1551இல் எங்கள் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் பிரித்துக் காட்டிய இரண்டுக்கும் சொல் வேண்டும். பழைய செபப் புத்தகத்தில் முதலாவதன் பெயராக உள்ள ‘உத்தம மனஸ்தாபம்’ என்பதைப் படித்த மாணவி ஒருத்தி, “கடவுளோடு சண்டையா, டீச்சர்?” என்று கேட்டாள்.
— மறைக்கல்வி ஆசிரியை

அம்மா, அந்தப் பெண்மேல் பிழையில்லை. தாபம் என்றால் வெப்பம். மனம் வேவதே மனஸ்தாபம், செய்தபின் வேவதே பச்சாத்தாபம். இன்றோ முன்னது பிணக்காகவும் பின்னது பிறர்மேல் கொள்ளும் இரக்கமாகவும் திரிந்துவிட்டன. ‘எற்றென்று இரங்குவ செய்யற்க’ என்ற குறளின் (655) இரங்கலை எடுக்கலாமென்றால், அது இறந்தவருக்கான கூட்டத்துக்குப் போய்விட்டது. அன்றியும், அக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் செய்தபின் இரங்குவதையே விலக்குகிறார். இவ்விரு வருத்தங்களுக்கான இலத்தீன் மூலச்சொற்கள் (contritio, attritio) இரண்டும் தேய்த்தல், அரைத்தல் என்னும் பொருளில் பிறந்தவை. ஆகவே அன்பின் வருத்தத்தை ‘உளநொறுங்கல்’ என்றும் அச்சத்தின் வருத்தத்தை ‘உளத்தேய்வு’ என்றும் வழங்கலாம்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, நொறுங்கலுக்கு 51ஆம் சங்கீதத்தின் ‘நொறுங்குண்ட ஆவி’ துணைநிற்கிறது. ஆனால் உளத்தேய்வு என்றால் பிள்ளைகள் நோய் என்பார்கள். எங்கள் வேதாகமத்தில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் ‘மனஸ்தாபப்பட்டு’ முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான்றுகொண்டான். அவனுடைய அந்தச் சொல்லையே உங்கள் செபம் ‘உத்தம’ என்று உயர்த்துவது எனக்கு எப்போதும் உறுத்தல். பவுல், தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்கும் என்கிறார் (2 கொரிந்தியர் 7:10). துக்கம் வழி, திரும்புதலே சேருமிடம். எபிரேயத்திலும் அதற்கான சொல்லின் பொருள் திரும்பி வருதலே. மனந்திரும்புதல் என்பதை அடிச்சொல்லாகக் கொள்ளுங்கள்.
— சபைப் போதகர்

போதகர் ஐயா, யூதாஸைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. ஆயினும் திரும்புவதற்கு முந்திய வலிக்கே நான் பெயர் தேடுகிறேன். மனந்திரும்புதல் அந்த வலியைத் தாண்டிப் போய்விடுகிறது. ‘அன்பின் மனத்துயர்’, ‘அச்சத்தின் மனத்துயர்’ என்பவற்றை அவையில் பெரும்பாலோர் சரியென்பதால் அவற்றையே அச்சுக்கு அனுப்புகிறேன்.
— மறைக்கல்வி ஆசிரியை

பிள்ளையை இழந்த தாய்க்கும் மனத்துயர்தான், அம்மா. அவள் என்ன பாவம் செய்தாள்? என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்