டாங் டெஸ்டர் ஒன்று சொல்ல, நம்ம கணக்கு வேறு சொன்ன அனுபவங்கள்

சோமனூர்ப் பையன்:
டிப்ளமா இரண்டாம் வருஷ லீவு. தோட்டத்து வீட்டில் 1 எச்பி மோனோபிளாக் பம்பு, மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது. புது வயர் இழுக்க வேண்டும், எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கும் என்று அப்பா கேட்டார். மல்டிமீட்டரை எடுத்து, மோட்டாருக்குள் இருக்கிற ரன்னிங் வைண்டிங் என்ற செம்புச் சுருளில் வைத்தேன். 3 ஓம். 230-ஐ 3-ஆல் வகுத்தால் 76 ஆம்ப்ஸ்! வீட்டு சர்வீஸே தாங்காது, த்ரீ ஃபேஸ் வாங்கணும் என்று நான் சொல்ல, அப்பா பயந்துபோய் மாமாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

வயர்மேன் அண்ணன் வந்தார். வாய் நிறைய வெற்றிலை. ஒன்றும் பேசாமல் மோட்டாரைப் போட்டு, டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டும் மீட்டர்) ஒரு வயரில் மாட்டி, என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். 6.4. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் வாய் திறந்தார். "கட்டுத்தறியில நிக்கற காளையத் தடவிப் பாத்து, ரேக்ளாவுல எத்தன நேரத்துல ஓடும்னு சொல்லிருவீங்களா தம்பி?"

மல்டிமீட்டர் காட்டியது வெறும் செம்புக் கம்பியின் தடை. ஏசியில் ஓடும்போது அந்தச் செம்புச் சுருளே கரண்டை மறிக்கிறது, சுற்றுகிற ரோட்டரும் எதிர்த்துத் தள்ளுகிறது. பவரும் அப்படித்தான்: 230-ஐயும் 6.4-ஐயும் பெருக்கினால் 1472 வருகிறது, 1 எச்பி என்பதோ 746 வாட். பவர் ஃபேக்டரும் (இழுக்கிற கரண்டில் எவ்வளவு வேலைக்கு ஆகிறது என்ற விகிதம்) இழப்பும் போக மிச்சம்தான் சுற்றுகிற ஷாஃப்ட்டுக்கு. இதெல்லாம் அடுத்த செமஸ்டரில்தான் புரிந்தது. அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கோபிக்காரி:
எனக்கு மோட்டார் இல்லைங்க, ஹீட்டர் ராடு. 1500 வாட் என்று வாங்கியது. மார்கழிச் சாயங்காலத்தில் 15 லிட்டர் பக்கெட் சுட அரை மணி நேரம் ஆனது. கோபத்தோடு கடைக்குத் திருப்பி எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணன் இரண்டு பின்னிலும் மீட்டரை வைத்தார், 35 ஓம். வோல்டை வோல்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் என்று சொல்லி, என் ரசீதையே திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுதினார்: 230 × 230 ÷ 35 = 1511. "ராடு நல்லாத்தான் இருக்குதுங் அம்மணி, உங்க ஊட்டு கரண்டப் பாருங்."

ராத்திரி பக்கத்து வீட்டுத் தம்பியை வைத்துப் பார்த்தால் 170 வோல்ட். அதே ரசீதில் கீழே நான் போட்டேன்: 170 × 170 ÷ 35 = 826. வோல்டேஜ் குறைந்தது கால்வாசி, பவர் போனது கிட்டத்தட்ட பாதி! ஆம்ப்ஸும் 6.6-இலிருந்து 4.9-க்கு இறங்கியிருக்கிறது. கடையில் அன்று சத்தம் போட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடை வழியாகப் போவதே இல்லை.

தாராபுரம் போர்வெல்:
மேலே கோபி அம்மணி சொன்னது தப்பு. வோல்டேஜ் இறங்கினால் ஆம்ப்ஸ் ஏறும். 22 வருஷமாகப் போர்வெல் மோட்டார் இறக்குகிறேன், எனக்குத் தெரியாதா? போன சித்திரையில் 900 அடியிலிருந்து 7.5 எச்பி ஒன்றைத் தூக்கினோம். கழற்றினதும் கருகின வாடை, வைண்டிங் கரிக்கட்டை. லோ வோல்டேஜில் ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை.

எல்லாரும் கேட்டுக்கங்க. போர்டில் வோல்ட் பார்த்தால் போதாது, அடியில் என்ன போய்ச் சேருகிறது என்று பார்க்கணும். 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர் கனம்) செம்புக் கேபிள் கிலோமீட்டருக்கு 4.6 ஓம். 900 அடி என்றால் 274 மீட்டர், ஒரு கோருக்கு, அதாவது கேபிளுக்குள் ஒரு கம்பிக்கு, 1.26 ஓம். 15 ஆம்ப்ஸ் ஓடினால், பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்தாலும், த்ரீ ஃபேஸில் 26 வோல்ட் வழியிலேயே போச்சு. ஆம்ப்ஸை ஆம்ப்ஸால் பெருக்கி ஓமால் பெருக்குங்க, மூன்று கோருக்கும் சேர்த்து 850 வாட். குழிக்குள் ஒரு அயர்ன் பாக்ஸ் போட்டு வைத்த மாதிரி! 6 ஸ்கொயர் போட்டால் 17 வோல்டோடு நிற்கும். ஜாயின்ட்டை நல்லாச் சுற்றுங்க. ஆம்ப்ஸ் அதிகமானால் மோட்டாரை நிறுத்துகிற ரிலே ட்ரிப் ஆகுது என்று அதன் அளவை ஏற்றி வைக்காதீங்க. மூன்றில் ரெண்டு ஃபேஸ் மட்டும் வரும்போது கண்டன்சர் (கெப்பாசிட்டர்) போட்டு ஓட்டாதீங்க. தண்ணி இல்லாமல் ஓடினால் தானாக நிற்க ஒரு ப்ரிவென்ட்டர் போடுங்க. மோட்டார் வாங்கும்போது பேரம் பேசுங்க, கேபிளில் பேசாதீங்க.

கோபிக்காரி:
அண்ணா, நான் சொன்னது ராடுங்க. மோட்டார் எப்படியாவது தண்ணியை மேலே ஏற்றியாகணும், வோல்ட் குறைந்தால் ஆம்ப்ஸை அதிகம் இழுத்துச் சமாளிக்கும். ராடுக்கு அந்தக் கவலை இல்லை, கொடுத்த வோல்டுக்கு ஏற்ற கரண்ட்தான். 35 ஓம் அங்கேயேதான் இருக்கிறது.

தாராபுரம் போர்வெல்:
ராடு என்றால் சரி. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஈரோடு டீச்சர்:
முதல் வரியிலேயே சொல்லியிருக்காங்க, விடுங்க. என் கதை பத்தாம் வகுப்பில் நடந்தது. மின்தடை பாடம், கையில் பழைய 100 வாட் குண்டு பல்பு. மீட்டரை வைத்ததும் 40 ஓம். கடைசி பெஞ்சுப் பையன் நோட்டில் கிறுக்கிவிட்டு எழுந்தான். "மிஸ், அப்பிடின்னா இது 1300 வாட் பல்புங்களா?" வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "மீட்டர்ல பேட்டரி வீக்கு, உக்காரு" என்றேன்.

அவன் கணக்கு சரி. ஆறிக் கிடக்கும் டங்ஸ்டனுக்குத் தடை குறைவு, எரிந்து சூடேறினால்தான் 529 ஓம் வரும், அப்போதுதான் 100 வாட். சுவிட்சைப் போடும் அந்த நொடியில் பழைய பல்பு பட்டென்று போவதும் இதனால்தான். வீட்டுக்குப் போய்ப் படித்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் மறுநாள் வகுப்பில் சொல்லவில்லை.

போன மாசம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வணக்கம் வைத்தார். அவனேதான், இப்போது மில்லில் எலக்ட்ரீஷியன். நலம் விசாரித்து முடித்துப் பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "மிஸ், அந்த மீட்டருக்கு பேட்டரி மாத்தீட்டீங்களா?"

தாராபுரம் போர்வெல்:
டீச்சர், 9 வோல்ட் பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும். மாற்றிவிட்டு 40 ஓம்தானா என்று மறுபடி பாருங்க.