வீல்சேர் போட்டு முதலில் ஏறுவது: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மாம்பலம் மகள்

மூன்று வாரமாக மனதில் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன். தங்கைக்குப் பிரசவம். நானும் அம்மாவும் சென்னையிலிருந்து தோஹா வழியாகப் போனோம். அம்மாவுக்கு 68 வயது. தினமும் காலையில் கோயிலுக்கு நடந்தே போய் வருபவர், மாடிப்படி ஏறி வடாம் காயவைப்பவர். இருந்தாலும் டிக்கெட்டில் வீல்சேர் உதவி கேட்டுப் போட்டோம். எங்கள் தெருவில் யார் அமெரிக்கா கிளம்பினாலும் எல்லாரும் சொல்லும் முதல் யோசனையே அதுதான்: "வீல்சேர் போட்டுடுங்க, வரிசையே கிடையாது, முதல்ல ஏத்திடுவாங்க."

செக்-இன் கவுன்ட்டர் பக்கத்தில் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வலது காலில் கணுக்கால் வரைக்கும் கட்டு, கட்டுக்கு மேலே கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. செருப்பு நுழையாமல் வாரை அவிழ்த்துவிட்டு முன்பாதத்தில் மட்டும் மாட்டியிருந்தார். அவரும் வீல்சேர் கேட்டிருக்கிறார். ஆனால் நாற்காலி காலியாக இல்லை. இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா எழுந்துவிட்டார். "நீங்க உக்காருங்க" என்றார். தள்ளும் பையன், "பாட்டி, உங்க பேர்ல எழுதியாச்சு, மாத்த முடியாது" என்று தடுத்தான். அந்தப் பெரியவரும் கையை ஆட்டி, "வேண்டாம்மா, நீங்களே இருங்க. உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்டார்.

அக்கறையாகத்தான் கேட்டார். அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் கைபேசியைப் பார்த்தேன்.

தோஹா வரைக்கும் அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மீனம்பாக்கம் நைட் ஷிஃப்ட்

அக்கா, அந்தப் பையனைத் தப்பாக நினைக்காதீர்கள். நான் மூன்று வருடம் வீல்சேர் தள்ளியவன், இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். எந்தப் பயணி யாரிடம் என்பது எழுத்தில் இருக்கும். மாற்றிவிட்டு அவர் இமிக்ரேஷனில் தொலைந்தால் எங்கள் தலைதான் உருளும்.

என் அனுபவம் வேறு. ஓர் இரவு ஒரே விமானத்துக்கு 40 பேர் வீல்சேர் கேட்டிருந்தார்கள். ஷிஃப்டில் நாங்கள் 14 பேர். நான் தள்ளிக்கொண்டு போன அம்மா டூட்டி ஃப்ரீ வந்ததும், "தம்பி, அஞ்சு நிமிஷம் நில்லு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். கூடையை எடுத்தார், சாக்லேட் பார்த்தார், விலை கேட்டார். 20 நிமிடம் ஆனது. அதே நேரம் வாக்கி டாக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வந்து இறங்கிய வேறொரு விமானத்தில் ஒரு பாட்டியைக் கூட்டிவர ஆள் இல்லை.

கடைசியில் நான் போனேன். விமானம் காலி. சுத்தம் செய்பவர்கள் சீட் பாக்கெட்டுகளில் இருந்த குப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டி மட்டும் கடைசி வரிசையில், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். பிறகுதான் புரிந்தது, சேலை நனைந்திருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரமாகத் தனியாக நடந்து பாத்ரூம் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். விமானப் பணிப்பெண் போர்வை ஒன்றைக் கொடுத்துச் சுற்றிவிட்டார். வெளியே வரும் வரைக்கும் பாட்டி தலையே நிமிரவில்லை.

நன்றாக நடக்கிறவர்கள் நாற்காலி கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போர்வைதான் ஞாபகம் வரும். ஏறும்போது வீல்சேர், இறங்கியதும் பெல்ட்டில் 23 கிலோ பெட்டியை ஒரே கையால் தூக்குகிறார்கள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

காலை விறைப்பு

மீனம்பாக்கம் சகோ, அந்தப் பாட்டிக்கு நடந்ததைப் படித்து அழுதுவிட்டேன். ஆனால் உங்கள் கடைசிப் பத்தியோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

எனக்கு 34 வயது. முடக்குவாதம். விடியற்காலை விமானம் என்றால் விரல் மடங்காது, முழங்கால் நீளாது. மருந்து வேலை செய்து உடம்பு கொஞ்சம் இளகினால் நடப்பேன். அதாவது வீல்சேரில் ஏறி, காலால் நடந்து இறங்குவேன். வெளியிலிருந்து பார்த்தால் நானும் நீங்கள் சொல்லும் ஏமாற்றுக்காரி மாதிரிதான் தெரிவேன்.

போன வருடம் கோவையில் இறங்கினேன். எழுந்து நின்றபோது பக்கத்து வரிசைப் பெண்மணி தன் கணவரிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே, "பாருங்க, ஏறும்போது தள்ளிட்டு வந்தாங்க, இப்ப காலு வந்துடுச்சு" என்றார். கைபேசியை உயர்த்திப் படமும் எடுத்தார். நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். நடக்க முடிந்தும், எல்லாரும் போகிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தேன், அவர்கள் நம்பட்டும் என்று. அது ஏன் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் படம் எந்த வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறதோ.

இன்னொன்று. நடப்பது வேறு, நிற்பது வேறு. நூறு அடி நடந்துவிடுவேன். இமிக்ரேஷன் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பது என்னால் ஆகாது.

திருச்சி பயணி63

என் அனுபவம் சின்னதுதான். அண்ணன் சிங்கப்பூர் போனபோது வீல்சேர் போட்டோம், தேவை இல்லாமலே. அவரைக் கேட்டில் ஓர் ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அறிவிப்பு வந்தும் கூப்பிட வருவார்கள் என்று நம்பி எழுந்திருக்கவில்லை, கதவு மூடப் போகும் நேரத்தில்தான் ஓடினார். நிற்க.

மாம்பலம் மகளுக்கும் மற்றவர்களுக்கும் சில விஷயம் சொல்கிறேன். வீல்சேர் என்று பொதுவாகச் சொன்னாலும் டிக்கெட்டில் மூன்று குறியீடு உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், தூரம்தான் முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரைக்கும் தூக்கிக்கொண்டோ குறுகலான நாற்காலியிலோ கொண்டுபோக வேண்டும். கால் சரியில்லாதவருக்குப் பதிவு செய்யும்போது எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஏரோபிரிட்ஜ் (கட்டடத்திலிருந்து நேராக விமானத்துக்குள் போகும் பாலம்) இல்லாத ஊரில், முக்கியமாக ஏ.டி.ஆர். என்கிற சின்ன விசிறி விமானம் போகும் ஊர்களில், படி ஏறித்தான் போக வேண்டும் என்பதால் இது பெரிய வித்தியாசம்.

மொழி தெரியாது, ஏர்போர்ட் பழக்கமில்லை, டிரான்சிட்டில் வழி தவறிவிடுவார் என்பதுதான் பயம் என்றால் அதற்கு நாற்காலி தேவையே இல்லை. "மீட் அண்ட் அசிஸ்ட்" என்று தனியாக ஒன்று இருக்கிறது, குறியீடு எம்.ஏ.ஏ.எஸ். கூடவே ஆள் நடந்து வந்து அடுத்த கேட் வரைக்கும் விடுவார். எல்லா நிறுவனமும் எல்லா ஊரிலும் தருவதில்லை, சிலர் காசு வாங்குவார்கள். போன் செய்து கேளுங்கள். எதுவானாலும் 48 மணி நேரம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தோஹா, துபாய் மாதிரி ஊர்களில் டிரான்சிட் ஒன்றரை மணி நேரம் என்று இருக்கும் டிக்கெட்டை வயதானவர்களுக்கு எடுக்காதீர்கள். 200 ரூபாய், 2000 ரூபாய் குறைகிறது என்று பார்க்க வேண்டாம். மூன்று மணி நேரம் இருந்தால் பாதிப் பேருக்கு வீல்சேர் எண்ணமே வராது. ஒரு தாளில் ஆங்கிலத்தில் விமான எண், போகும் ஊர், பிள்ளையின் போன் நம்பர், சாப்பிடும் மருந்து எல்லாம் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கைப்பையை ஏழு கிலோவுக்குள் கட்டுங்கள். முதலில் ஏற வேண்டும் என்று நம் ஆட்கள் துடிப்பதே தலைக்கு மேலே பை வைக்க இடம் பிடிக்கத்தான். பை சின்னதாக இருந்தால் காலடியிலேயே போய்விடும், கடைசியில்கூட ஏறலாம்.

டல்லாஸ் வாசி

இங்கே அமெரிக்காவில் இதற்கு "அதிசய விமானம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது இருபது பேர் நடக்க முடியாதவர்கள், இறங்கும்போது அத்தனை பேருக்கும் கால் வந்துவிடும்.

இருக்கை எண்ணே கொடுக்காமல், ஏறுபவர் ஏறிப் பிடித்த இடத்தில் உட்காரும் முறை ஒரு நிறுவனத்தில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தது. அதில்தான் இந்தக் கூத்து அதிகம். ஒரு முறை எனக்கு ஏறும் வரிசையில் ஏ-16 என்ற எண். கூடுதல் பணம் கட்டி வாங்கியது. எனக்கு முன்னால் ஒரு பாட்டியின் வீல்சேர். துணைக்கு ஒருவர்தான் போகலாம், இவர்கள் ஆறு பேர். ஊழியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தார், விட்டுவிட்டார். நான் உள்ளே போனபோது முன் வரிசைகளில் கோட்டு ஒன்று, பை ஒன்று, தொப்பி ஒன்று என்று இடம் போட்டு வைத்திருந்தார்கள். பாட்டியை ஜன்னல் ஓரம் தள்ளிவிட்டு அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தண்ணீர் கேட்டது என் காதில் விழுந்தது. நான்தான் பொத்தானை அழுத்தினேன்.

2026 ஜனவரி 27 முதல் அந்த நிறுவனமும் இருக்கை எண் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இன்னொரு பெரிய நிறுவனம் 2024 இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட விமான நிலையங்களில் ஒரு கருவி வைத்தது. விமானம் ஏற உங்கள் குரூப்பைக் கூப்பிடுவதற்கு முன்னாடியே நுழைந்தால் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்ததும் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். வீல்சேருக்கும் இப்படி ஒரு கெடுபிடி வேண்டும். டாக்டர் சான்றிதழ் இல்லாவிட்டால் நாற்காலி கிடையாது என்று சொன்னால் பாதிக் கூட்டம் காணாமல் போகும்.

முசிறிக்காரர்

டல்லாஸ் நண்பரே, சான்றிதழ் கேட்டால் யார் முதலில் மாட்டுவார்கள் தெரியுமா? தெரிந்த டாக்டர் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுவார். வயலில் வேலை செய்து முட்டி தேய்ந்துபோன என் அப்பா மாதிரி ஆள்தான் "எதுக்குப்பா, நடந்துடறேன்" என்று நடப்பார். ஏமாற்றுகிறவரைப் பிடிக்கப் போட்ட வலையில் கூச்சப்படுகிறவர்தான் விழுவார்.

2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை, அவன் பதற்றமாக இருக்கிறான் என்று சொல்லி விமானத்தில் ஏற்றவில்லை. அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. யார் தகுதியானவர் என்று கேட்டில் நிற்பவர் முடிவு செய்தால் அப்படித்தான் ஆகும்.

2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்ததும் நினைவிருக்கும். நியூயார்க்கிலிருந்து வந்த வயதான தம்பதி, இருவருமே வீல்சேருக்குப் பதிவு செய்திருந்தவர்கள். கிடைத்தது ஒன்று. மனைவியை உட்கார வைத்துவிட்டு 80 வயதுக்காரர் பின்னாலேயே நடந்தார். இமிக்ரேஷன் பகுதியில் சரிந்து விழுந்தார், பிழைக்கவில்லை. அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் அபராதம். இன்னொரு நாற்காலி வரும் வரைக்கும் காத்திருக்கச் சொன்னோம், மனைவியோடு போகவே அவர் நடந்தார் என்றது நிறுவனம்.

என் அப்பாவும் அப்படித்தான் செய்வார். அம்மாவைத் தனியாக அனுப்பவே மாட்டார். அதனால்தான் அந்தச் செய்தியைப் படித்த அன்று இருவருக்கும் எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன். மற்றபடி எங்கள் வீட்டில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை.

குராய்டன் அம்மா

எங்கள் பையனுக்கு ஆட்டிசம். இங்கே லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-ல் தொடங்கிய சூரியகாந்தி போட்ட பச்சைப் பட்டை உண்டு. கழுத்தில் மாட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத சிரமம் இருக்கிறது என்று ஊழியர்களுக்குப் புரியும், எதையும் விளக்க வேண்டாம்.

எங்களையும் முதலில்தான் ஏற்றுவார்கள். அதுதான் எங்களுக்குக் கஷ்டம். எல்லாரும் ஏறி முடிக்கும் வரைக்கும் அரை மணி நேரம் அவன் அந்த இரைச்சலில் உட்கார வேண்டும். போன டிசம்பரில் "நாங்கள் கடைசியில் வருகிறோம்" என்று கேட்டோம். கேட்டில் இருந்த ஊழியர் பெண் ஒரு வார்த்தை பேசாமல் தலையசைத்துவிட்டு, கடைசியில் எங்கள் பக்கம் வந்து தரையில் மண்டியிட்டு அவனிடம் "இப்போ போலாமா?" என்று கேட்டார். அவன் எழுந்து அவர் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தான். சலுகை என்றால் முதலில் ஏறுவது மட்டும்தான் என்று ஏன் எல்லாரும் நினைக்கிறோம்?

மாம்பலம் மகள்

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காலை விறைப்பு எழுதியதை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார்.

அடுத்த மாதம் அம்மா மட்டும் தனியாகத் திரும்புகிறார். திருச்சி ஐயா சொன்னபடி போன் செய்து கேட்டேன். 40 நிமிடம் காக்க வைத்தார்கள். தோஹாவில் மட்டும் கூட ஆள் வரும், நாற்காலி இல்லை என்று மாற்றிக் கொடுத்தார்கள், காசு கட்டினேன். சென்னையில் இறங்கியதும் வரிசையில்தான் நிற்க வேண்டும். அம்மா சரி என்றுவிட்டார்.

அந்தப் பெரியவர் எங்கள் விமானத்திலேயே வந்தாரா என்று தெரியவில்லை. தோஹாவில் இறங்கும்போது அம்மா ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.