பாஸ்ராவுக்குப் போன கொள்ளுத்தாத்தா: பட்டாளப் பதிவை எங்கே தேடுவது?

கேள்வி (பலமநேரிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். பலமநேரை அடுத்த சிற்றூரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில், இன்றைய ஈராக்கில் உள்ள பாஸ்ராவுக்குப் போய்த் திரும்பியவர் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இன்றும் 'பட்டாளத்தார் வீடு' என்றே பெயர். கையில் இருப்பது ராஜா தலை பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்றுதான். ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, சென்னை மாகாணத்துப் பட்டாளம் என்பதால் தமிழ்நாட்டில் கேட்கச் சொன்னார்கள். அங்கே கேட்டால், உங்கள் ஊர் ஆந்திரத்தில் அல்லவா இருக்கிறது என்கிறார்கள். எண்பது வயதான என் தந்தை பார்க்கும்படி, அவருடைய தாத்தாவின் பெயர் எழுதிய ஒரு தாளாவது கிடைக்குமா?

மறுமொழி (முன்னாள் ஹவில்தார், குடியாத்தம்):
தம்பி, சிப்பாய்களின் பணிப்பதிவு மாநில அரசிடம் இருப்பதில்லை. அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். அதற்குமுன் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். அந்தப் போரின் பதக்கங்களில் படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவற்றை விளிம்பில் பொறித்துக் கொடுத்தார்கள். பளபளப்பாக்குவதற்காகத் திருநீறோ புளியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எத்தனையோ வீடுகளில் எழுத்து அப்படித்தான் அழிந்தது. சாய்வான வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் போதும். பிரிவு சப்பர்ஸ் (பாலம், பாதை அமைக்கும் பொறியியல் படை) என்றிருந்தால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்கு எழுதுங்கள். கர்நாடிக் காலாட்படை என்றிருந்தால் வழி சற்றுக் கடினம். அந்தப் படைகள் 1922இல் மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமெண்டாக இணைக்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டன. இப்போதைய மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது; அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மறுமொழி (ஆசிரியை, சித்தூர்):
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உருவானது. அதுவரை பலமநேர் வட ஆர்க்காட்டில் இருந்தது. ஆகவே, அதற்கு முன்பே அவர் படையில் சேர்ந்திருந்தால் மாவட்டம் வட ஆர்க்காடு என்றே எழுதப்பட்டிருக்கக் கூடும். பெயரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். முனுசாமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பல வீரர்களுக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டம் வரை இருக்கும் என்றாலும், அது உயிரிழந்தவர்களுக்கு மட்டுமே உரியது. திரும்பி வந்த உங்கள் கொள்ளுத்தாத்தா அதில் இருக்க மாட்டார். ஆனால் அவரோடு போய்த் திரும்பாத ஊர்க்காரர் யாரேனும் இருந்தால் தேடிப் பாருங்கள். பாஸ்ரா நினைவிடத்தில் நினைவுகூரப்படும் உயிரிழந்தவர்கள் மட்டுமே நாற்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பலர் இந்தியர்கள்.

கேட்டவர்:
ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. விளிம்பில் ஓர் எண்ணும், பாதி தேய்ந்த பெயரும், சப்பர்ஸ் என்பதற்கான எழுத்துகளும் தெரிகின்றன. தந்தையே கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். பெங்களூருக்கான கடிதத்தில் அவர்தான் கையெழுத்திடப் போகிறார்.