உண்ணி கடித்த தடம் இருக்கிறது, இரத்தப் பரிசோதனையோ இல்லை என்கிறது

கேள்வி: கொக்குவில் வாசி

கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் என் அக்கா நல்லூர்த் திருவிழாவுக்காக வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. புறப்படுவதற்கு முன், அங்குள்ள ரூஜ் பள்ளத்தாக்கில் நடந்து திரிந்த சில நாட்களில், அவருடைய முழங்காலின் பின்புறம் சிவந்த வட்டம் ஒன்று தோன்றி உள்ளங்கை அளவுக்கு விரிந்திருக்கிறது. நான்காம் நாள் அங்கேயே உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்கான பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்து, 'நெகட்டிவ்' என்று சொல்லி மருந்தில்லாமல் அனுப்பிவிட்டார்கள். இப்போது தடம் மங்கிவிட்டது. சோர்வும் தலைவலியும் விடவில்லை. உண்ணி என்றதும் பக்கத்து வீட்டு மாமி, "இஞ்சை வாற உண்ணிக் காய்ச்சலுக்கெல்லோ சோதிக்க வேணும்" என்கிறார். அந்த 'நெகட்டிவ்' முடிவை நம்பலாமா?

பதில்: ஓய்வுபெற்ற எம்.எல்.ரி.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளனாக (எம்.எல்.ரி.) இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பரிசோதனையைப் பிழையாகச் செய்தார்கள் என்பதைவிட, நேரத்துக்கு முந்திச் செய்துவிட்டார்கள் என்பதே பொருந்தும். அது லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா பற்றீரியாவைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகளையே தேடுகிறது. அவை அளவிடத்தக்க அளவுக்குச் சேரச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், தடம் தோன்றிய முதல் நாட்களில் உண்மையான நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முடிவு 'நெகட்டிவ்' என்றே வரும். மாதக்கணக்கில் சிகிச்சையின்றி இருந்து முழங்கால் வீங்கியவரிடம் அதே பரிசோதனை அநேகமாகத் தவறுவதில்லை. ஆகவே, உண்ணி உள்ள இடத்துக்குப் போய்வந்தவருக்கு ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் விரியும் வட்டம் இருந்தால், இரத்தத்தைக் கேட்காமலே மருந்தைத் தொடங்கலாம் என்பதுதான் அமெரிக்க வழிகாட்டல்களின் நிலைப்பாடும்.

நோயில்லாதவருக்கு 'பொசிட்டிவ்' என வரும் மறுபக்கத் தவறும் உண்டு. 1995 முதல் அமெரிக்காவில் கைக்கொள்ளப்பட்ட முறைப்படி முதலில் எலைசா என்ற பிறபொருளெதிரிப் பரிசோதனையும், அதில் 'பொசிட்டிவ்' என்றோ ஐயம் என்றோ வந்தால் அதை உறுதிசெய்ய வெஸ்டர்ன் புளொட் என்ற இன்னொன்றும் செய்வார்கள். இரண்டாவதில், தீக்குச்சி அகலமுள்ள வெள்ளைப் பட்டியில் குறுக்குக் கோடுகள் தெரியும்; முதலில் எழும் பிறபொருளெதிரியான ஐஜிஎம் என்றால் மூன்றில் இரண்டு கோடுகளும், பின்னால் எழும் ஐஜிஜி என்றால் பத்தில் ஐந்து கோடுகளும் வேண்டும். 41 என்ற கோடு இந்த நோயே இல்லாத பலரிடமும் தெரியும், ஏனெனில் வேறு பற்றீரியாக்கள் நீந்த உதவும் வால் போன்ற சவுக்குமுளையின் புரதமும் ஏறக்குறைய அதே சாயல் கொண்டது. ஒரு மாதம் கடந்தபின் ஐஜிஎம் மட்டும் 'பொசிட்டிவ்' என வந்தால் அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. பரிசோதனை 99 வீதம் குறிதவறாது என்றே வைத்துக்கொள்வோம்: யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகாத ஆயிரம் பேருக்கு அதைச் செய்தால், நோயில்லாத பத்துப் பேர் நோயாளிகள் ஆகிவிடுவார்கள்.

மாமி சொல்வது வேறு நோய். நம் பகுதியில் வரும் உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் குடம்பி. அது கடித்த இடத்தில், பெரும்பாலும் கமக்கட்டு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில், சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு இருக்கும். அதற்கு நெடுங்காலம் நாங்கள் செய்த வெயில்-பீலிக்ஸ் பரிசோதனை, புரோட்டியஸ் என்ற சம்பந்தமில்லாத பற்றீரியாவை இரவல் வாங்கிச் செய்வது. அதையும் முதல் வாரத்தில் நம்பி நான் கையெழுத்திட்டதில்லை. அக்கா கைத்தொலைபேசியில் தடத்தின் படம் வைத்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு பொது வைத்திய நிபுணரைப் பாருங்கள்.

பதில்: ஸ்காபரோவிலிருந்து

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணவருக்கு முழங்கால் வீங்கி, இரண்டு பரிசோதனைகளும் 'பொசிட்டிவ்' ஆகி, மருந்தெடுத்துச் சுகமானது. இரண்டு வருடங்கள் கழித்து வேறு காரணத்துக்காக மறுபடி சோதித்தபோதும் 'பொசிட்டிவ்' வந்து, வீட்டில் அன்றிரவு அடுப்பெரியவில்லை. பிறபொருளெதிரிகள் ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடும் என்பதையும், அதனால் இந்தப் பரிசோதனையை வைத்து நோய் போய்விட்டதா என்று அறிய முடியாது என்பதையும் மறுநாள்தான் வைத்தியர் விளக்கினார்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா, நன்றி அக்கா. வைத்திய நிபுணர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எழுதித் தந்தார். வேறெங்கும் இரத்த மாதிரி அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னார். ஆனாலும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை; கனடா திரும்பியதும் மீண்டும் சோதித்து, அது 'நெகட்டிவ்' என்றால் மருந்தை வீணாக எடுத்ததாக ஆகுமா என்று கேட்கிறார்.

பதில்: ஓய்வுபெற்ற எம்.எல்.ரி.

ஆகாது. சிகிச்சை நேரத்தோடு தொடங்கினால், பிறபொருளெதிரிகள் போதிய அளவுக்கு எழாமலே போவதும் உண்டு. மருந்துக்கு முன் இரண்டாவது மாதிரி ஒன்று எடுத்திருந்தால் முதலாவதுடன் ஒப்பிட்டிருக்கலாம். இனி வரும் 'நெகட்டிவ்' எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. முகத்தில் ஒரு பக்கம் கோணினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மூட்டு வீங்கினாலோ மட்டும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள்.