டேஸ்டிங் மெனு விருந்தைப் பயணத்தின் எந்த இரவில் வைத்துக்கொள்வது?

கேள்வி:
நானும் என் கணவரும் ஆறு நாள் பயணமாக வெளிநாடு செல்கிறோம். அங்குள்ள பெயர்பெற்ற உணவகம் ஒன்றில், சமையற்கலைஞரே தேர்ந்து வரிசையாகப் பரிமாறும் 12 உணவுகள் கொண்ட டேஸ்டிங் மெனுவைச் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. போய்ச் சேரும் அன்று இரவும் நான்காம் நாள் இரவும் மேசை கிடைக்கிறது; முதல் நாளே முடித்துவிடலாம் என்கிறார் கணவர். நான் மீனும் இறைச்சியும் சாப்பிடுவதில்லை. படங்களைப் பார்த்தால் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு வாய்க்கு மேல் இருப்பதாகத் தெரியவில்லை. வயிறு நிறையுமா?

பதில் 1:
தயவுசெய்து முதல் நாள் வேண்டாம். 12 உணவுகள் என்றால் மூன்று முதல் நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். அங்கே இரவு ஒன்பது மணி என்றாலும் உங்கள் உடம்புக்கு அது விடியற்காலையாக இருக்கக்கூடும். நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். எட்டாவது தட்டை வைத்துவிட்டு, அந்தச் சாற்றை எப்படிச் சுண்டக் காய்ச்சினார்கள் என்று பணியாளர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, கையில் கரண்டியோடு கண்ணயர்ந்துவிட்டேன். கடைசி நான்கு உணவுகளின் சுவை இன்றுவரை நினைவில் இல்லை; கட்டிய பணம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. விருந்துள்ள நாளின் மதிய உணவையும் எளிமையாக முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டினி கிடந்து போகாதீர்கள், போனால் முதலில் வரும் ரொட்டியிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வீர்கள்.

பதில் 2:
உங்கள் உணவுமுறையை முன்பதிவின்போதே எழுதித் தெரிவியுங்கள். மேசையில் அமர்ந்த பிறகு சொன்னால் அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இத்தகைய சமையலறைகளில் சாறுகளையும் சாஸ்களையும் பெரும்பாலும் முன்கூட்டியே தயாரித்துவிடுவார்கள். காய்கறி உணவு என்று வருவதிலும் எலும்புச் சாறோ, இனிப்பில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினோ, சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டோ இருக்கலாம் என்பதால், இவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள். எனக்கு ஒருமுறை மீன் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, அது இருந்த இடம் குழியாகத் தெரிய, அதே சாஸோடு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். தனியாகச் சைவ வரிசை உண்டா, இல்லை இப்படி எடுத்துவிட்டுத் தருவதுதானா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. மேசையில் உள்ள அனைவரும் டேஸ்டிங் மெனுவையே எடுக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு.

பதில் 3:
வயிறு நிறையுமா என்ற கவலையே வேண்டாம்; பத்தாவது தட்டில் நீங்களே போதும் என்பீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உணவின் மீது விருப்பம் குறைந்தாலும், சாப்பிடாத மற்ற உணவுகளின் மீதான விருப்பம் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பதை 1981இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் ஆய்வில் காட்டினார்கள். இரண்டு வாயோடு தட்டை எடுத்துவிடுவதன் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது: அலுப்புத் தட்டுவதற்கு முன்பே அடுத்த சுவை வந்துவிடுகிறது.

உங்கள் கணவர் உணவுகளுக்குப் பொருத்தமான ஒயின்களையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கோப்பைக்கு 90 மி.லி. வீதம் எட்டுக் கோப்பை என்றால் 720 மி.லி.; ஒரு முழுப் புட்டியே 750 மி.லி.தான். பாதி அளவில் ஊற்றித் தரக் கேட்கலாம், அதில் தவறொன்றும் இல்லை. மது இல்லாத பானங்களின் வரிசையையும் இப்போது பல உணவகங்கள் தருகின்றன. என்னைக் கேட்டால் ஒயினைவிட அதில்தான் கற்பனை அதிகம்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கண்ணயர்ந்த கதையைப் படித்துக் காட்டியதும் கணவர் மறுபேச்சின்றி நான்காம் நாளுக்கு ஒப்புக்கொண்டார். உணவகத்துக்கு எழுதினேன், தனிச் சைவ வரிசை உண்டு என்று பதில் வந்தது. ஜெலட்டினைப் பற்றி நான் கேட்டிருந்தேன். தேன் சேர்த்துக்கொள்வீர்களா என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.