மொழியின் மெட்டாமாடலை மாற்றினால் பழைய கோப்புகள் என்ன ஆகும்?

கேள்வி:
சென்சார் எச்சரிக்கை விதிகளுக்காக எக்ஸ்டெக்ஸ்டில் (Xtext, சிறு கணினி மொழிகளை உருவாக்கும் கருவி) ஒரு சிறு மொழி செய்து கொடுத்திருக்கிறோம். நிரலாக்கம் படிக்காத ஆய்வகப் பொறியாளர்கள்தான் அதில் எழுதுகிறார்கள். இதுவரை 'இடைவெளி 10' என்று வெறும் எண். இனி 'இடைவெளி 10 நொடி' என்று அலகும் வேண்டும். மொழியின் மெட்டாமாடலில், அதாவது அதில் என்னென்ன வகுப்புகள் இருக்கலாம் என்று ஈகோரில் எழுதும் வரையறையில், அந்த எண்ணுக்குப் பதில் 'கால அளவு' என்று தனி வகுப்பு வைத்ததும் பழைய விதிகள் எல்லாமே பிழை காட்டுகின்றன. அவர்கள் எழுதியது எதுவும் தொலையாமல் எப்படி மாற்றுவது?

பதில் 1:
பழைய 10 என்பது எல்லா இடத்திலும் நொடிதானா? அப்படியென்றால் தானாகவே மாற்றிவிடலாம். சில கோப்புகளில் மில்லிநொடி என்றால் எந்தக் கருவியாலும் முடிவு செய்ய முடியாது, எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். கருவி என்றால், பழைய மெட்டாமாடலில் உள்ளதைப் புதியதற்கு மாற்றித்தரும் எப்சிலான் ஃப்ளாக்கைப் பாருங்கள். புது மெட்டாமாடலுக்குப் பொருந்துவதை அதுவே நகலெடுத்துவிடும். மாறிய வகுப்புக்கு மட்டும் விதி எழுதினால் போதும்.

கேட்டவர்:
எல்லாம் நொடிதான். ஃப்ளாக் முயன்று பார்க்கிறேன்.

பதில் 2:
கொஞ்சம் பொறுங்கள். ஃப்ளாக் மாடலில், அதாவது உரையைப் படித்ததும் நினைவகத்தில் உருவாகும் பொருள்களில், வேலை செய்கிறது, உங்களிடம் இருப்பதோ உரைக் கோப்பு. எக்ஸ்டெக்ஸ்டில் கமெண்டுகள் (படிப்பவருக்காக எழுதும் குறிப்புகள்) மாடலுக்குள் வருவதில்லை, உரையின் ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்கிறது என்று வைத்திருக்கும் நோடு மாடலில்தான் இருக்கும். புது மாடலை உருவாக்கி அதிலிருந்து உரையை எழுதினால் அவை போய்விடும். ஒரு வரம்பை ஏன் அப்படி வைத்தார்கள் என்ற காரணம் பெரும்பாலும் அந்தக் கமெண்டில்தான் இருக்கும், அதை இழக்கவே கூடாது.

நான் செய்வது இதுதான்: பழைய இலக்கணத்தால் கோப்பைப் படித்து, ஒவ்வொரு இடைவெளி எண்ணும் எந்த இடத்தில் முடிகிறது என்று நோடு மாடலில் எடுத்து, உரையிலேயே ' நொடி' என்று சேர்ப்பேன். கோப்பின் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் போங்கள், இல்லையென்றால் இடங்கள் நகர்ந்துவிடும். அப்புறம், 'நொடி' இனி ஒதுக்கப்பட்ட சொல். யாராவது ஒரு விதிக்கு அதே பெயர் வைத்திருந்தால் உடையும். 2004இல் ஜாவா 5 'enum' என்பதை ஒதுக்கியபோதும் இதே சிக்கல்தான். எக்ஸ்டெக்ஸ்டில் பெயருக்கு முன் ^ போட்டுத் தப்பிக்கலாம்.

பதில் 3:
எம்பிஎஸ் (MPS) என்ற இன்னொரு மொழி உருவாக்கும் கருவியில் நிரலை உரையாக இல்லாமல் மரமாகச் சேமிப்பதால் கமெண்டும் ஒரு நோடுதான். ஆனால் இதற்காக மட்டும் மாற வேண்டாம்.

பதில் 2:
சரி, ஒன்று விட்டுப்போனது. பழைய கோப்பிலிருந்து பழைய ஜெனரேட்டர் (விதிகளை இயங்கும் நிரலாக மாற்றும் பகுதி) தரும் நிரலையும், புதியதிலிருந்து புது ஜெனரேட்டர் தருவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வரி வேறுபட்டாலும் காரணம் தெரியாமல் வெளியிடாதீர்கள்.